கடைமடைக்கு வந்த வாக்கு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் நாட்டுத் தேர்தல்களின் வரலாற்றைப் பற்றிச் சில சொற்கள் பேசுக எனக் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தனர். யாம் தமிழ்ப் பாடஞ் சொல்லி வாழும் ஆசிரியர். அரசியல் நூலை முறையாகக் கற்றவரல்லேம். ஆயினும் தேர்தல் வருந்தோறும் வாக்குச்சாவடியில் அலுவல் பார்க்கும் கடன் ஆசிரியர் தலையில் வந்து விழுதலின், மை பூசப்படும் விரல்களைப் பல்லாண்டுகளாக அருகிருந்து பார்த்து வருகின்றோம். எம் தகுதி அவ்வளவே. அன்றியும், இன்று பிற்பகல் இவ்வவையின் முன் வரவிருக்கும் ஆறாவது தீர்மானத்தைப் படித்த பின்னர், வாளா இருத்தல் ஆகாதென்று எமக்குத் தோன்றிற்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. பண்டிதன் வாய் திறந்தால் இது நேராமற் போகாது, பொறுத்தருள்க. நம் பாட்டன்மார் "ஓட்டு" என்றே வழங்கினர். இற்றைநாள் எழுத்து வழக்கில் அதனை "வாக்கு" என்கின்றோம். வாக்காவது சொல், உறுதிமொழி எனவும் பொருள்படும். "வாக்குக் கொடுத்தான்", "வாக்குத் தவறினான்" என்னும் வழக்குக்கள் யாவரும் அறிந்தனவே. ஒருவன் தன் வாக்கைக் கொடுக்கலாம், கொடுத்ததைக் காக்கலாம், தவறவும் செய்யலாம். பிறன் வாக்கை எடுத்து மற்றொருவனுக்குக் கொடுத்தல் எங்ஙனம் கூடும்? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தேர்தல் வரலாறு பேசுவோர் யாவரும் உத்தரமேரூரிலிருந்தே புறப்படுவது வழக்கம். சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்த விதிகள் மெய்யாகவே வியக்கத்தக்கன. ஊரை முப்பது குடும்பாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத ஒரு பாலகனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். அங்ஙனம் வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். குடத்தின் இலச்சினையை ஆராய்ந்து ஓலை எடுக்கும் வழக்கம் அகநானூற்றிலும் ஓரிடத்தில் உவமையாக வருதலின், இது பராந்தகனுக்கும் முற்பட்ட பழமையுடையது என்க.

ஆனால் மேடைகளிற் சொல்லப்படுவதுபோல அது குடிகள் யாவரும் வாக்களித்த தேர்தல் அன்று. அது திருவுளச் சீட்டு. குடத்திற் பெயர் புகுவதற்கே கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். தன் மனையில் தன் வீடு வேண்டும். முப்பத்தைந்திற்கு மேலும் எழுபதிற்கு உட்பட்டும் வயது வேண்டும். வேதக் கல்வி வேண்டும். உழுதவனுக்கும் நட்டவளுக்கும் அக்குடத்தில் இடமில்லை. பழம்பெருமை பேசுங்கால் இவ்வுண்மையை விழுங்கிவிடுதல் தமிழாசிரியர்க்கு அழகன்று.

எனினும் அக்கல்வெட்டில் ஒரு விதியை யாம் மிகவும் போற்றுகின்றோம். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்திற் புகலாகாது. அவன் மட்டுமன்று, அவன் உறவினர் பெயரும் புகலாகாது. எவ்வெவ்வுறவினர் என்று மாமன், மைத்துனன், மருமகன் ஈறாகப் பெரிய பட்டியல் ஒன்றே வெட்டியிருக்கின்றனர். அவ்விதியை இன்று நம் சங்கத்தில் நடைமுறைப்படுத்தின் இம்மேடையில் எத்தனை நாற்காலிகள் ஒழியும் என்று யாம் எண்ணிப் பார்த்ததில்லை. (சிரிப்பு.)

இனி நம் காலத்திற்கு வருவோம். இவ்வவையில் உழவரல்லாதார் சிலரே. ஆதலின் நமக்கு விளங்கும் வகையிற் சொல்லுகின்றோம். மேட்டூரில் நீர் திறந்தால் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து ஆறுகளிற் பிரிந்து, வாய்க்காலிற் புகுந்து, கண்ணி வாய்க்கால் வழியே வயலை அடைகின்றது. தலைமடைக்காரன் நாற்று விட்டு முடித்த பின்னரும் வேதாரணியம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரன் வாய்க்காலின் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வாக்குரிமையும் நம் நாட்டிற்கு அவ்வாறே வந்தது.

1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சிக்கு வழி வகுத்தார். 1884இல் சென்னை மாகாணத்துத் தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 நவம்பரில் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது; நீதிக்கட்சியார் ஆட்சிக்கு வந்தனர். 1921இல் பெண்டிர்க்கும் வாக்குரிமை தர அச்சபை இசைந்தது. மாகாணங்களுள் இதில் முந்தியது சென்னையே. 1937இல் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரஸ் கைக்கொண்டது. இவையெல்லாம் பெரிய நிகழ்ச்சிகளே. ஆனால் இவை யாவும் தலைமடைப் பாய்ச்சல். நிலவரி செலுத்துவோர், சொத்துடையோர், படிப்புடையோர் என்னும் வகையினரே வாக்காளர். மிராசுதார் வாக்களிக்க வண்டியேறிப் போனார். வண்டியை ஓட்டிச் சென்ற பண்ணையாள் சாவடிக்கு வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நம்மவருள் அவ்வண்டிக்குள் இருந்தோரும் உளர். மாட்டைப் பிடித்து நின்றோரும் உளர். சங்கத்தின் ஆண்டறிக்கைகளில் முன்னவர் பெயர்களே அச்சாகியிருக்கின்றன.

அக்காலத்துக் கீழைத் தஞ்சையில் பண்ணையாளின் நிலை யாது என்பதை முதியோர் அறிவர். சாணிப்பாலும் சவுக்கடியும் கதைகளல்ல. அவற்றை எதிர்த்து, 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் விவசாயிகளையும் பண்ணையாட்களையும் சங்கமாகச் சேர்த்தனர்.

பின்னர் 1952 சனவரி. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு; நிலம் கேட்கவில்லை, எழுத்துக் கேட்கவில்லை. அத்தேர்தலில் பிற்காலத்துப் போலச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம், வேண்டிய பெட்டியில் சீட்டை இட்டுவிட்டு வருதல் வேண்டும். காங்கிரஸ் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. பொதுவுடைமைக் கட்சியின் பெட்டியில் கதிரும் அரிவாளும். உழுகின்றவனும் அறுக்கின்றவளும் நாடோறும் கையாளும் பொருள்களே சின்னமாய் நின்றமையால் எழுத்தறியாமை அன்று ஒரு குறையாகவில்லை. மாகாணத்துச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. பொதுவுடைமைக் கட்சியார் 62 பெற்றனர். நம் மாவட்டத்திலும் அவர்கள் சில இடங்களில் வென்றனர். தேர்தலில் நில்லாத இராஜாஜி மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சரானார்.

இதன்பின் நடந்ததை அன்பர்கள் கூர்ந்து நோக்குக. அதே 1952ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. பின்னர் அது முறையான சட்டமாயிற்று. ஏதேனும் காரணம் காட்டிக் குத்தகைதாரனையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்றும் வழக்கத்திற்குத் தடை விழுந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் பொதுவுடைமையரல்லர். அவர்களைக் கடுமையாக எதிர்த்த இராஜாஜியே. மனுக்களும் போராட்டங்களும் பல்லாண்டு தட்டிய கதவு, கடைமடை வாக்கு வந்துசேர்ந்த எட்டுத் திங்களில் சிறிது திறந்தது. முழுவதும் திறந்துவிட்டதெனக் கூறோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள், பெண்டிரும் பிள்ளைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்தன. அவ்வீட்டாருள் வயது வந்தோர் யாவரும் வாக்காளரே.

இனிச் சிலர் கூறுவர்: "நம் மக்கள் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போகிறவர்கள், தலைவன் காட்டிய பக்கம் சாய்பவர்கள்" என்று. தேர்தல் முடிவுகளைப் புரட்டினால் அதற்கு மாறாகவே தோன்றுகின்றது. தஞ்சாவூர்த் தொகுதியை எடுத்துக்கொள்க. 1962இல் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வென்றது. அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆனால் தஞ்சாவூர், திருக்குவளையிற் பிறந்த கருணாநிதியைத் தெரிந்தெடுத்தது. அரிசித் தட்டுப்பாட்டின் நடுவே 1967 தேர்தல் வந்தது. நெல் விளையும் நாட்டிலேயே அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. திராவிட முன்னேற்றக் கழகம் 137 இடங்களைப் பெற்றது. காமராசரே விருதுநகரிற் தோற்றார். அவ்வெள்ளத்தில் தஞ்சாவூர் என் செய்தது? ஐந்தாண்டுகளுக்கு முன் தோற்கடித்த காங்கிரஸ் வேட்பாளர் பரிசுத்த நாடாரை மீண்டும் அனுப்பிற்று! ஊர்க்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு என்று யாம் இதனைச் சொல்லி மாணாக்கரோடு நகுவது வழக்கம்.

மாநிலத்தை முழுமையாக நோக்கினும் அவ்வாறே. 1977 மார்ச்சில் வட இந்தியா முழுவதும் காங்கிரசைக் கைவிட்டது. இந்திரா காந்தி அம்மையாரே தோற்றார். தமிழ்நாடோ அண்ணா தி.மு.க.வும் காங்கிரசும் அடங்கிய அணிக்கு 39இல் 34 இடங்கள் தந்தது. 1980 சனவரியில் மக்களவைத் தேர்தலில் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் அணி 37 இடங்களை வென்றது. மக்கள் எம்.ஜி.ஆரைக் கைவிட்டனர் என்று கருதி அவருடைய அமைச்சரவையைக் கலைத்தனர். மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தது. அதே மக்கள் அவர் கட்சிக்கு 129 இடங்களைக் கொடுத்து மீண்டும் அமர்த்தினர். நான்கு திங்களில் மக்கள் மனம் மாறிற்றா? மாறவில்லை. தில்லிக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர் என்று அவர்கள் பகுத்தறிந்தனர், பகுத்தறியாதார் கலைத்தவரே.

1989இல் இன்னும் வியப்பு. சனவரியில் தி.மு.க. 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. நவம்பரில் மக்களவைத் தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமுமில்லை. காங்கிரசும் அண்ணா தி.மு.க.வும் 38 இடங்களை வாரிக்கொண்டன. எஞ்சிய ஒன்று எது? நம் நாகப்பட்டினம். ஆங்கு இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் செல்வராசு வென்றார். 1952இல் பெட்டியின்மேல் இருந்த அதே கதிர் அரிவாள்.

அவ்வாண்டில் யாம் சிறு பிள்ளை. எம் பெரியப்பா இச்சங்கத்தில் ஒரு பொறுப்பில் இருந்தார். அவ்விரு தேர்தல்களுக்கும் முன்னர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "நம் தெருவு வாக்கு முழுதும் இன்னாருக்கு; நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று கூறக் கேட்டிருக்கின்றோம். எம் அன்னையார் அவர் எதிரில் நின்று பேசுவதில்லை. தூண் மறைவில் நின்று தலையசைப்பார். பல்லாண்டு கழித்து, பெரியப்பா காலமான பின்னர், ஒருநாள் பேச்சுவாக்கில் வினவினோம். "மூத்தார் சொன்னதற்குத் தலையை ஆட்டினேன். உள்ளே போய் எனக்குத் தோன்றினதிலே குத்தினேன். ரெண்டு தரமும் வேறே வேறே" என்றார். பின்னர் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். பெரியப்பா இறுதிவரை தெரு முழுவதும் தம் சொற்படி நடந்ததென்றே நம்பியிருந்தார்.

நம் மாவட்டத்தின் பெயர் தலைகுனிய நேர்ந்த ஒன்றையும் மறைத்தல் கூடாது. 2016 மே மாதச் சட்டசபைத் தேர்தலில் தஞ்சாவூர், அரவக்குறிச்சி ஆகிய இரண்டு தொகுதிகளில், வாக்காளர்க்குப் பணம் வழங்கப்பட்டமை காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை முதலில் ஒத்திவைத்தது. பின்னர் அறிவிக்கையையே நீக்கிற்று. நவம்பர் 19ஆம் நாளே வாக்குப்பதிவு நடந்தது. ஏனைய தொகுதிகளெல்லாம் உறுப்பினர் பெற்றபின்னும் இராசராசன் தலைநகர் ஆறு திங்கள் உறுப்பினரின்றிக் கிடந்தது. அப்பொழுது எம் வகுப்பில் ஒரு மாணாக்கன், "ஐயா, நம் ஊருக்கு மட்டும் ஏன் எலெக்‌ஷன் இல்லை?" என்று வினவினான். உத்தரமேரூர்ப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளை. யாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. பணம் கொடுத்தாரைப் பழிக்கின்றோம்; அது தக்கதே. ஆனால் "இத்தெருவில் இத்தனை தலை" என்று எண்ணிக் கொடுத்தவர் யார்? தெருவின் வாக்கைத் தம் கைப்பொருளாகக் கருதுவோர் இருந்தாலன்றி, வாங்குவோன் எவ்விடம் வருவான்?

தில்லித் தேர்தலும் சென்னைத் தேர்தலும் பெரும்பாலும் காலந் தவறாது நடந்து வருகின்றன. தவறுவது ஊர்த் தேர்தலே. 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தல் அடுத்து 1986இல்தான் நடந்தது. இடையில் பதினாறு ஆண்டுகள்! அதற்கடுத்தது 1996. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் ஐந்தாண்டுக்கொரு முறை என்று வரையறுத்த பின்னரும், 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டோர் காலம் 2016இல் முடிய, அடுத்த தேர்தல் 2019 டிசம்பரிற்றான் வந்தது. அதிற் தேர்ந்தோர் காலம் 2025 சனவரியில் முடிந்தவுடன் மீண்டும் தனி அலுவலர் வந்தனர். வாக்கின் கடைமடை எதுவென்றால் ஊராட்சியே. வாய்க்கால் தூர் வாருதல், குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என நாள்தோறும் காலில் இடறுவன எவையோ அவற்றிற்குரிய வாக்குத்தான் வறண்டு கிடக்கின்றது.

2019 டிசம்பர்த் தேர்தலில் கடலோரத்தை அடுத்த ஒரு சிற்றூர்ச் சாவடியில் யாம் அலுவல் பார்த்தோம். ஊரகத் தேர்தல் ஆதலின் பொறியில்லை, சீட்டும் பெட்டியுமே. ஒருவர்க்கு நான்கு சீட்டு. ஊராட்சித் தலைவர்க்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினர்க்குப் பச்சை, மாவட்ட உறுப்பினர்க்கு மஞ்சள், வார்டு உறுப்பினர்க்கு வேறொன்று. நடவு வேலையில் கால் விரலெல்லாம் வெடித்த ஒரு மூதாட்டியார் நான்கையும் வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, தண்ணிக் குழாய்க்கு எந்தச் சீட்டு?" என்றார். முகவர்கள் நகைத்தனர். எமக்கு நகை வரவில்லை. எவருக்கு வாக்களிப்பது என்றுதான் சொல்லலாகாது. எந்தச் சீட்டு எந்தப் பதவிக்கு என்று சொல்லத் தடையில்லை. "இளஞ்சிவப்பு, பாட்டி" என்றோம். அச்சீட்டை மட்டும் தனியே மடித்துக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு மறைப்பிற்குட் சென்றார். அவர் வெளிவர நெடுநேரம் ஆயிற்று. வரிசையில் நின்றோர் முணுமுணுத்தனர், யாம் விரைவுபடுத்தவில்லை.

இனி ஆறாவது தீர்மானம். அடுத்து வரும் ஊராட்சித் தேர்தலில் நம்மவர் மிகுந்த ஊர்களில் தலைவரைச் சங்கமே குறித்துவிடுவது. மற்றையோரை விலகச் செய்து போட்டியின்றி முடிப்பது. அங்ஙனம் குறிக்கப்படுபவர் கோயில் திருப்பணிக்கு ஒரு தொகை செலுத்துவது. இதனை எழுதியோர் நன்னோக்கத்துடனேயே எழுதினர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஊரில் பகை வாராது, செலவு மிஞ்சும், கோயிலுக்கும் ஆகும் என்பது அவர்கள் கருத்து. பகை வருவதை யாமும் அறிவோம். ஒரு தேர்தலுக்குப் பின்னர் எம் சிற்றப்பா மகனோடு மூன்றாண்டுகள் பேச்சில்லாதிருந்தோம்.

ஆயினும் இது பதவியை ஏலமிடுதலே. ஏலத்தொகை கோயிலுக்குப் போனாலும் ஏலம் ஏலமே, சட்டத்திற்கு மாறானது. "ஊர் கூடி முடிவு செய்தோம்" என்னும் சொல் எங்கெங்குக் கொண்டு சேர்த்தது என்பதும் தெரியாததன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டதனால், 1996 முதல் 2006 வரை முறையான தேர்தலே நடவாது நின்றது. நின்றோரையும் விலகச் செய்தனர். அங்கும் ஊர் கூடித்தான் முடிவு செய்தது. கூடிய ஊரில் யார் யார் இருந்தனர் என்பதே வினா. நம் ஊர்களிலும் நம்மவர் மட்டுமா வாழ்கின்றனர்? குடியானத் தெருவும் காலனித் தெருவும் எந்த ஊராட்சியில் இருக்கின்றன? அவர்கள் வாக்கையும் சேர்த்தா இச்சங்கம் கொடுக்கப்போகின்றது? அவர்களை விடுக, நம் வீட்டுப் பெண்டிரை வினவினோமா? ஊராட்சிப் பதவிகளுட் பாதி அவர்களுக்கு என்று சட்டம் ஒதுக்கியிருக்க, இத்தீர்மானத்தின் கீழ்க் கையொப்பமிட்ட பதினொருவரில் ஒருவரும் பெண்ணல்லர்.

சங்கம் செய்யத்தக்கன இல்லாமலில்லை. நிற்பவர் யாராயினும் அவர்களை ஒரே மேடையில் ஏற்றி, வாய்க்காலுக்கு என் செய்வீர், குழாய்க்கு என் செய்வீர் என்று வினவலாம். கிராமசபைக் கூட்டத்திற்கு நம் இளைஞர்களை அனுப்பி வரவு செலவு கேட்கச் செய்யலாம். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்திற் புகலாகாதென்ற விதி நமக்குப் புதியதன்று. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு இச்சங்கம் செய்துவரும் உதவியால் படித்தவருள் யாமும் ஒருவர். அந்நன்றியை மறந்து யாம் பேசவில்லை.

காரியதரிசி அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கின்றார், நிறுத்திக்கொள்கின்றோம். ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. ஆறாவது தீர்மானம் இவ்வவையின் முடிவிற்கு வருங்கால், வழக்கம்போல் கை தூக்கச் சொல்லுதல் வேண்டா. தாய்மார்கள் உள்பட வந்திருப்போர் அனைவர்க்கும் ஒவ்வொரு துண்டுத் தாள் கொடுத்து, பந்தி மண்டபத்தில் இருக்கும் தண்ணீர்க் குடங்களுள் ஒன்றை ஒழித்துவைத்து, அதில் மடித்து இடச் செய்யுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றோம்.